இரவே வடித்த சோறு

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் இறந்த பிறகு, 11 வருடமாக வீட்டின் பின்கட்டில் மெஸ் நடத்துகிறார். ஒரு பனியன் கம்பெனிக்குத் தினமும் 120 மதியச் சாப்பாடு போகிறது. ஒரு சாப்பாடு 60 ரூபாய். உதவிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். புதன்கிழமை கோழிக் குழம்பு, வெள்ளிக்கிழமை கலவை சாதம் என்பது பல வருட வழக்கம்.

அந்த வியாழன் இரவு பத்து மணிக்கு லெமன் சாதத்துக்கான சோற்றை வடித்து, பெரிய அண்டாவில் கொட்டி, ஈரத்துணி போர்த்தி, தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். ஆறின சோறாக இருந்தால்தான் உதிரியாக வரும் என்பது காரணம். காலை ஆறு மணிக்குத் தாளித்துக் கொட்டி, எலுமிச்சை பிழிந்து கிளறி, பத்தரைக்குப் பொட்டலங்களை அனுப்பினார். ஒரு மணிக்குச் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குள் வாந்தி தொடங்கிவிட்டது. மொத்தம் 19 பேர். இருவரை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. மறுநாள் எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். அன்று காலையில் புதிதாக வடித்த சோற்றில் செய்த தயிர் சாதத்தை மட்டும் வாங்கிய முப்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்துப் போனார். அடுத்த வாரம், குறைகளை 15 நாளில் சரிசெய்யும்படி நோட்டீஸ் வந்தது. கம்பெனி ஆர்டரை நிறுத்திவிட்டு, பயிற்சிச் சான்றிதழோடு வந்தால் பார்க்கலாம் என்கிறது. ஏஜென்ட் ஒருவர், வகுப்புக்கு வரவே வேண்டாம், ஆதார் நகலும் பணமும் கொடுத்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்கிறார். மகன், யூடியூபில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்கிறான். உறவினர்கள் சிலர் தண்ணீர் கேனைச் சந்தேகிக்கிறார்கள். சிலர் விரலில் வெட்டுக்காயத்தோடு உருளைக்கிழங்கு உரித்த ஒடிசாப் பையனை அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் அவர் சொற்களிலேயே தருகிறேன்: "முப்பது வருஷமா சமைக்கிறேன். வாயில வெச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன். நல்லாத்தான் இருந்துச்சு. சமைக்கத் தெரிஞ்சவளுக்குப் போய் சுத்தத்தைச் சொல்லித்தரணுமா?"

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வலி முழுதும் அதில்தான் இருக்கிறது. நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பல வருடமாகச் சமையற்கூடங்களில் பயிற்சி கொடுத்துவருபவள் நான். வகுப்புக்கு வரும் அனுபவசாலிகளில் பாதிப் பேர் இதே கேள்வியை முகத்தில் எழுதிக்கொண்டுதான் உட்காருவார்கள். உங்கள் சுத்தத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. தினமும் இரண்டு முறை அடுப்படி கழுவுவதாக எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அன்று நடந்தது அழுக்கினால் வந்த கேடு போலத் தெரியவில்லை. நேரமும் சூடும் சேர்ந்து செய்த கேடு. வீட்டுச் சமையல் அதைக் கற்றுத்தராது. நான்கு பேருக்குச் சமைக்கும்போது அந்தப் பிரச்சினை வருவதே அபூர்வம்.

அந்த அண்டாவுக்குள் என்ன நடந்திருக்கும்

பரிசோதனை முடிவு வராமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே நிறையத் தடயம் இருக்கிறது. தண்ணீர் கேன் எல்லோருக்கும் பொது. தயிர் சாதம் சாப்பிட்ட முப்பது பேரும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் தண்ணீரைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தையும் தள்ளி வையுங்கள். அது உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

மிச்சம் இருப்பது சோறு. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய ஒரு கிருமி உண்டு. பேசில்லஸ் செரியஸ் என்று பெயர். மண்ணிலிருந்து நெல்லோடு வருவது. அது விதைபோல ஓர் உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்தாலும் அந்த உறை சாகாது. சோறு ஆறத் தொடங்கி வெதுவெதுப்புக்கு வந்ததும் முளைத்துப் பெருகும். உடம்புச் சூட்டை ஒட்டிய சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாக வைத்துக்கொண்டால், ஒன்று ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும். பெருகும்போதே சோற்றில் ஒரு நஞ்சையும் விட்டுவிடும். மறுபடி எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரு நாளில் தெளிந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதும் இதேதான்.

ஓர் அண்டாவுக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாணச் சமையலில், இரவில் வடித்துத் துணி போட்டு மூடிய சோறு. ஆறு மணி நேரம் கழித்துப் போனேன். மேலே கை வைத்தால் சில்லென்று இருந்தது. மாஸ்டரும் "ஆறிடுச்சும்மா" என்றார். கம்பியை நடுவில் இறக்கினேன். 40-ஐத் தாண்டி நின்றது எண். வெளியே கூதிர்க்காற்று அடித்தாலும் அண்டாவின் நடுவயிறு விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நீங்கள் போர்த்திய துணியும் மூடிய தட்டும் அந்தச் சூட்டைக் காத்துக் கொடுத்தன.

எலுமிச்சைப் புளிப்பு இருக்கிறதே, எப்படிக் கெடும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. புளிப்பில் அந்தக் கிருமி வளரத் திணறும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் எலுமிச்சை பிழிந்தது காலை ஆறு மணிக்கு. நஞ்சு உருவாக வேண்டிய நேரமெல்லாம் அதற்கு முன்பே கடந்துவிட்டது.

பாட்டி காலத்துப் பழைய சோறு என்ன ஆயிற்று என்றும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். ஒரு சட்டிச் சோறு சீக்கிரம் ஆறிவிடும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் ஆறும். அப்புறம் அந்த நீரில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி மற்றதைப் பெரும்பாலும் அடக்கிவிடும். அந்தச் சட்டிக்கும் பதினைந்து கிலோ அரிசியை வடித்து மூடிய அண்டாவுக்கும் இருக்கும் தூரம் பெரிது.

நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாதது

"வாயில வெச்சுப் பாத்தேன்" என்கிறீர்கள். உப்பு, புளி, காரம், பதம் எல்லாம் உங்கள் நாக்குக்குத் தெரியும். அது முப்பது வருடச் சொத்து. ஆனால் ஊசிப்போன வாடை, நூல்விடும் பிசுபிசுப்பு இவையெல்லாம் வேறு கிருமிகளின் வேலை. ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகள் பல, வாடையோ நிறமாற்றமோ காட்டுவதில்லை. நீங்கள் ருசி பார்த்ததில் தவறு ஒன்றும் இல்லை. அந்தச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாத விஷயம் இது.

அதனால் நாக்கு இருந்த இடத்தில் கடிகாரத்தையும் வெப்பமானியையும் வைக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருப்பது ஆபத்தான சூடு. சூடாகப் பரிமாற வேண்டியது 60-க்கு மேலேயே இருக்க வேண்டும். 65 என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் நிம்மதி. குளிர்ந்தது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆறவைக்க வேண்டியதை 60-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், 21-லிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டும். இப்படி முறையாக ஆறவைக்கும் நேரம் போக, இடைப்பட்ட வெதுவெதுப்பில் உணவு கிடக்கும் மொத்த நேரம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், எவ்வளவு மணமாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதற்கு மனசு வராது. எனக்கும் அது தெரியும்.

உங்கள் புதன்கிழமைக் கோழிக் குழம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பாத்திரத்துக் கறிக் குழம்பு மெதுவாக ஆறும்போது வேறொரு கிருமி வளரும், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். அதற்கும் சாகாத உறை உண்டு. ஆனால் சாப்பிட்ட எட்டு முதல் பதினாறு மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கும் முறுக்கு வலியும் வரும், வாந்தி குறைவு. பச்சைக் கோழியிலிருந்தும் முட்டையிலிருந்தும் வரும் சால்மோனெல்லா காய்ச்சலோடு, ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தாக்கும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததற்கு இதுபோன்ற கிருமிகள்தான் காரணம். சாப்பிட்டதற்கும் நோய்க்கும் இடையில் எத்தனை மணி என்று எண்ணத் தெரிந்தால், இனி எப்போதாவது ஒரு புகார் வந்தால் பதறாமல் எந்தச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே புரியும்.

கோழி நறுக்கும் பலகை தனி, காய் நறுக்கும் பலகை தனி. இது உங்கள் அடுக்களையில் இல்லை என்று கடிதத்தில் பார்த்தேன். நாளைக்கே வாங்கிவிடுங்கள்.

ஒடிசாத் தம்பியை அனுப்பிவிடாதீர்கள்

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது. வெட்டுக்காயத்தில் இருக்கக்கூடிய ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியும் இதே மாதிரி சீக்கிரத்தில் வாந்தி வரவைக்கும். அதன் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. ஆகவே உறவினர்கள் சொல்வதை முழுக்க அபத்தம் என்று தள்ள முடியாது. ஆனால் அந்தக் கிருமி காயத்தில் மட்டுமா இருக்கிறது? நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய மூக்கிலும் தோலிலும் இருக்கிறது. உங்களிடமும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். அது உணவில் விழுந்தாலும், பெருக நேரம் கொடுத்தால்தான் நஞ்சு உண்டாகும். திரும்பத் திரும்ப அதே நேரம், அதே சூடு.

அந்தத் தம்பியை அனுப்பினால் அடுத்து வருபவருக்கும் விரல் வெட்டும். தேவைப்படுவது ஒரு வழக்கம். காயம் பட்டால் உடனே சொல்ல வேண்டும். தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் கையுறை போட வேண்டும். சீழ் வைத்திருந்தால் ஆறும்வரை உணவைத் தொடாத வேலை கொடுக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளவர் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையல்பக்கம் வரக் கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கூலி போய்விடும் என்று பயப்படுகிறவர் வயிற்றுவலியை மறைத்துக்கொண்டு வந்து மாவு பிசைவார். இரண்டு நாள் கூலி உங்களுக்குச் செலவுதான், ஆனால் 120 பேருக்கு அதுவே காவல்.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. கையுறை போட்டால் கை சுத்தம் என்ற நம்பிக்கை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கையுறையோடு பணம் வாங்கி, போன் எடுத்து, அப்புறம் அப்பளம் எடுத்துவைத்தால் அது வெறும் அழுக்குக் கைதான். இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவிய கை அதைவிட மேல். கழுவுமிடம் சமையலறைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே நடந்து போக வேண்டுமென்றால் நாளடைவில் ஒருவரும் போகமாட்டார்கள்.

உணவைத் தொடும் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பதும், டைஃபாய்டு போன்ற குடல் தொற்றுகளுக்கு எதிராகத் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. அதில் நீங்களும் அடக்கம்.

சான்றிதழை வாங்குவதா, வகுப்புக்குப் போவதா

போங்கள். ஏஜென்டுக்கு இன்றே 'வேண்டாம்' சொல்லிவிடுங்கள்.

இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் தொடங்கிய ஃபோஸ்டாக் என்ற பயிற்சித் திட்டத்தைத்தான் கம்பெனியும் ஏஜென்டும் சொல்கிறார்கள். உங்களைப் போன்ற சமையல் தொழிலுக்கென்று தனிப் பாடம் உண்டு. அடிப்படைப் பயிற்சி நான்கு மணி நேரம், மேல்நிலைப் பயிற்சி எட்டு மணி நேரம். முடிவில் ஒரு தேர்வு வைப்பார்கள். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். லைசென்ஸ் பெற்ற இடங்களில் 25 பணியாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் ஏற்பாடு. உங்கள் இடத்துக்கு ஒருவர் போதும், அது நீங்களாகவே இருப்பது நல்லது.

நீங்கள் படித்தது ஏழாம் வகுப்பு என்று தயங்குகிறீர்கள். பதிவு செய்யும்போதே தமிழில் நடக்கும் வகுப்பு எது என்று கேட்டுச் சேருங்கள். மற்றபடி, எட்டு பால்கணக்கையும் பத்து மளிகைக்கணக்கையும் தலையிலேயே வைத்திருப்பவருக்கு நான்கு சூட்டு எண்கள் ஒரு பெரிய விஷயம் இல்லை.

காசு கொடுத்து வாங்கிய சான்றிதழில் பொய் இருக்கிறது என்பது ஒன்று. இன்னொன்று, அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். நாளைக்கு மறுபடி ஏதாவது ஆனால், 'பயிற்சி பெற்றவர்தானே, தெரிந்தே இப்படிச் செய்தாரா?' என்றுதான் கேள்வி வரும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பும் போயிருக்கும், தெரிந்துகொண்டிருக்கும் வாய்ப்பும் போயிருக்கும்.

மகன் சொல்லும் யூடியூபும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள். ஆனால் கை பழக வேண்டும். கூர்முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். ஒரு டம்ளர் நிறைய ஐஸைத் தூளாக்கிப் போட்டு, அது நனையும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை நடுவில் பிடியுங்கள். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. எண் இறங்கி இறங்கி 0-வில் நின்றால் கருவி சரி. இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள். உதவிக்கு இருக்கும் பெண்களையும் அந்தத் தம்பியையும் பிடிக்கவைத்துப் பழக்குங்கள். எண்ணைப் படிக்க மொழி தேவையில்லை.

நோட்டீஸும் பதிவும்

உங்களுக்கு வந்திருப்பது உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-ன் 32-வது பிரிவுப்படி நியமன அலுவலர் தரும் முன்னேற்ற நோட்டீஸ் போலத் தெரிகிறது. கடையை மூடும் உத்தரவு அல்ல அது. என்ன குறை, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் என்று அதில் இருக்கும். அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. சொன்னபடி செய்யாவிட்டால்தான் அனுமதியை நிறுத்திவைப்பார்கள். அப்புறமும் செய்யாவிட்டால் ரத்து செய்யலாம். நோட்டீஸ் நியாயமில்லை என்று தோன்றினால் உணவு பாதுகாப்பு ஆணையருக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலம் 15 நாள். நோட்டீஸில் குறிப்பிட்ட அவகாசம் அதற்கு முன்பே முடிந்தால் அதுதான் கெடு. என் கருத்தைக் கேட்டால், உங்கள் விஷயத்தில் மேல்முறையீட்டுக்கு அலைவதைவிட ஒவ்வொரு குறையாகச் சரிசெய்து, போட்டோ எடுத்து, எழுத்தில் பதில் கொடுப்பதே நல்லது. மாதிரிப் பரிசோதனை அறிக்கை தவறு என்று நினைத்தால் அது வேறு. அறிக்கை கையில் கிடைத்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்போது ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு விஷயத்தில் உங்களிடம் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. மாதம் 25 ஆயிரம்தான் மிச்சம், வருடத்துக்கு மூன்று லட்சம், அதனால் சிறு வியாபாரிப் பதிவே போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் பார்ப்பது மிச்சத்தை அல்ல, மொத்த விற்பனையை. 120 சாப்பாடு, 60 ரூபாய், மாதம் 26 நாள்: 1,87,200 ரூபாய். வருடத்துக்கு 22 லட்சத்தைத் தாண்டுகிறது. 2011 விதிகள் பதிவுக்கும் லைசென்ஸுக்கும் நடுவில் போட்ட கோடு 12 லட்சம். இந்த வரம்புகள் திருத்தப்படக் கூடியவை, அதனால் விண்ணப்பிக்கும் அன்று ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் எந்த வகை என்று பார்த்துக்கொண்டு அதையே எடுங்கள். மகனின் உதவி இதற்குத்தான் தேவை.

இழப்பீடு பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் 65-வது பிரிவில், உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சமும், கடுமையான பாதிப்புக்கு அதிகபட்சம் 3 லட்சமும், மற்ற பாதிப்புகளுக்கு அதிகபட்சம் 1 லட்சமும் இழப்பீடு உண்டு. உங்கள் சம்பவத்தில் எல்லோரும் ஒரே நாளில் தேறியதை அதிகாரிகளும் பார்ப்பார்கள். உரிய கவனம் எல்லாம் எடுத்திருந்தேன் என்று ஒருவர் நிரூபித்தால் அதை எதிர்வாதமாக ஏற்க 80-வது பிரிவு இடம் தருகிறது. அதை எப்படி நிரூபிப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பதார்த்தம், இறக்கிய நேரம், சூடு, அனுப்பிய நேரம், அனுப்பும்போது சூடு, எழுதியவர் கையெழுத்து. அதோடு ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து, தேதி எழுதி, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிரச்சினை உங்களால் வரவில்லை என்றால் அந்தக் கிண்ணம் உங்களுக்காகப் பேசும்.

வியாழன் இரவை என்ன செய்வது

இரவே வடிப்பதை நிறுத்துங்கள். விதிப்படி ஆறவைத்துக் குளிரில் வைத்தால் செய்யலாம்தான், ஆனால் அவ்வளவு சோற்றைத் தாங்கும் குளிர்பெட்டி உங்களிடம் இல்லை. வீட்டு ஃபிரிட்ஜில் திணித்தால் அதற்குள் இருக்கும் பாலும் சேர்ந்து கெடும்.

உதிரியாக வர வேண்டும் என்பது நியாயமான கவலை. அதற்கு நம் ஊர்ச் சமையற்காரர்கள் கண்ட வழி ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்ததுதான். வடித்த சோற்றைப் பெரிய தாம்பாளங்களில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியடியில் வைப்பது. இரண்டு விரற்கட்டை உயரத்துக்கு மேல் பரப்பாதீர்கள். அரை மணி நேரத்தில் கலக்கும் பதத்துக்கு வந்துவிடும். ருசிக்காகச் செய்த அந்த வேலை அண்டாவின் நடுவயிறு என்பதையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. ஒன்பதரைக்கு ஒரு வடிப்பு, பத்தரைக்கு ஒரு வடிப்பு என்று இரண்டாகப் பிரித்தால் அடுப்பும் ஆளும் தாங்கும். பொட்டலம் கட்டுவதைப் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குத் தள்ளுங்கள். சாம்பாரும் குழம்பும் சூட்டுப் பெட்டியில் 65-க்குக் குறையாமல் போகட்டும். மிஞ்சிய குழம்பைச் சிறு பாத்திரங்களாகப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மறுபடி சுடவைத்தால் நன்றாகக் கொதி வர வேண்டும், அதுவும் ஒரே முறை. பொட்டலத்துக்கு உள்ளே செய்தித்தாள் வைக்கிறீர்கள் போலிருக்கிறது, அச்சுமை உணவில் ஒட்டும். வாழையிலையோ உணவுக்கான தாளோ போடுங்கள்.

கடைசியாக, அந்த 19 பேர். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அது சரி. ஆனால் போய்ப் பார்க்காமல் இருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்த இருவரின் வீட்டுக்கும் நேரில் போங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், மருந்துச் செலவைக் கொடுங்கள், இனி இரவுச் சோறு கிடையாது என்று சொல்லுங்கள். பதினொரு வருடம் உங்கள் கைச்சாப்பாடு சாப்பிட்டவர்கள். கம்பெனி மேலாளரிடம் சான்றிதழை மட்டும் நீட்டாமல் அந்த நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு நாள் வந்து அடுக்களையைப் பாருங்கள் என்று அழையுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை, ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு கிலோ அரிசியில் லெமன் சாதம் செய்து பாருங்கள். பாதியைத் தாம்பாளத்தில் பரப்புங்கள், பாதியைக் குண்டானிலேயே மூடிவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டின் நடுவிலும் வெப்பமானியை வைத்து, என்ன எண்கள் காட்டின என்று எனக்கு எழுதுங்கள்.